[தீர்ந்தது] ஹார்ட் டிஸ்க் பாதியில் உறைகிறது, டிவிடி டிரைவ் 'நோ மீடியம்' என்கிறது: லினக்ஸுக்கு ஒத்துவராத வன்பொருளா?

தேன்சிட்டு:
வணக்கம் நண்பர்களே. பழைய மேசைக் கணினி ஒன்றில் டெபியன் 12 ஓடுகிறது. சிஸ்டம் இருப்பது ஒரு எஸ்எஸ்டியில், அதில் எந்தத் தொந்தரவும் இல்லை. சேமிப்புக்காக 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றையும், வேறொரு கணினியிலிருந்து கழற்றிய சாட்டா டிவிடி ரைட்டரையும் மாட்டினேன். தலைவலி அதற்குப் பிறகுதான்.

பெரிய ஃபைல் எதையாவது ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்தால் நடுவில் அப்படியே நின்றுவிடுகிறது. அரை நிமிடம் போல் கழித்துத் தானாகத் தொடர்கிறது. சில சமயம் தொடராமல் 'ரீட் ஒன்லி' ஆகிவிடுகிறது. டிவிடி ரைட்டரில் பாட்டு சிடி போட்டால் பாடுகிறது. டிவிடி போட்டால் 'நோ மீடியம் ஃபவுண்ட்'. அதோடு, மதர்போர்டில் வேறு நிறத்தில் தனியாக இரண்டு சாட்டா போர்ட் இருக்கின்றன. அதில் ரைட்டரைச் செருகினால் லினக்ஸ் அதைப் பார்ப்பதே இல்லை.

லினக்ஸுக்கு ஒத்துப்போகும் ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் என்று பட்டியல் ஏதாவது இருக்கிறதா? புதிதாக வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன்.

புதுப்பாதை:
சில கம்பெனி டிஸ்க் எல்லாம் லினக்ஸில் சரியாக வேலை செய்யாது. டிஸ்ட்ரோவை மாற்றிப் பாருங்கள். உபுண்டுவில் டிரைவர் அதிகம்.

கருந்திரை:
எதையும் மாற்றவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். முதலில் மூன்றைக் கொடுங்கள்.

டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை என்ன காட்டுகிறது. கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) செய்திப் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜியில் 'ஏடிஏ' என்று தொடங்கும் வரிகள், முக்கியமாக டிஸ்க் உறைந்த நேரத்து வரிகள். டெபியனில் இதை ரூட்டாக ஓட்ட வேண்டும், சாதாரணப் பயனருக்குக் காட்டாது. மூன்றாவது, ஸ்மார்ட்மான்டூல்ஸ் பொதியை நிறுவி, அந்த டிஸ்க்கின் மீது, அது தன் நலனைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டினால் வரும் முழுப் பட்டியல்.

வட்டுவைத்தியர்:
@புதுப்பாதை, டிஸ்ட்ரோவை மாற்றினால் தீரும் என்பதை ஏற்க முடியவில்லை. சாட்டா டிஸ்க்குக்குக் கம்பெனிவாரியாக டிரைவர் என்று எதுவும் கிடையாது. டிரைவர் தேவைப்படுவது கண்ட்ரோலருக்கு, அதாவது மதர்போர்டில் இருக்கும் சிப்புக்கு. அந்த சிப் ஏஹெச்சிஐ என்ற பொது முறையில் இருந்தால், எந்த டிஸ்ட்ரோவானாலும் ஓடுவது ஒரே 'ஏஹெச்சிஐ' மாட்யூல்தான். டிஸ்க் யார் செய்ததாக இருந்தாலும் பேசுவது ஏடிஏ கட்டளைகள். சிடி, டிவிடி, புளூரே டிரைவ்கள் எல்லாம் பேசுவது எம்எம்சி என்கிற இன்னொரு பொதுவான கட்டளைத் தொகுப்பு.

விதிவிலக்கே இல்லை என்று சொல்லவில்லை. டிஸ்க்குகளைக் கையாளும் கர்னலின் லிபேட்டா பகுதியில், இன்ன மாடலுக்கு என்சிக்யூவை (பல கட்டளைகளை வரிசையில் அனுப்பும் முறை) அணை, இன்ன எஸ்எஸ்டிக்கு வரிசையில் போகும் ட்ரிம்மை (காலியான இடத்தைத் தெரிவிக்கும் கட்டளை) அனுப்பாதே என்று ஒரு பட்டியலே எழுதி வைத்திருக்கிறார்கள். தேன்சிட்டு கேட்ட பட்டியலுக்கு நெருக்கமானது என்றால் அதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்தால் கர்னலே பார்த்துக்கொள்கிறது, நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

'லினக்ஸுக்கு ஒத்துவரவில்லை' என்று இங்கே வந்த பழைய இழைகளைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்குக்கும் கர்னலுக்கும் நடுவில் இருப்பதுதான்: கேபிள், மின்சாரம், போர்ட், பயோஸ் அமைப்பு, யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் குட்டி சிப். அதனால் கருந்திரை கேட்டதைக் கொடுங்கள், அப்புறம் பேசலாம்.

தேன்சிட்டு:
எல்எஸ்பிஎல்கேயில் எஸ்டிஏ என்று எஸ்எஸ்டி, எஸ்டிபி என்று 4 டிபி டிஸ்க், எஸ்ஆர்0 என்று டிவிடி ரைட்டர் இருக்கின்றன.

டிமெஸ்ஜியில் கீழே உள்ளது போல் திரும்பத் திரும்ப வருகிறது:

ஏடிஏ3.00: ஃபெயில்டு கமாண்ட்: ரைட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்
ஏடிஏ3.00: எரர்: ஐசிஆர்சி ஏபிஆர்டி
ஏடிஏ3: ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்
ஏடிஏ3: லிமிட்டிங் சாட்டா லிங்க் ஸ்பீட் டு 3.0 ஜிபிபிஎஸ்

ஸ்மார்ட் பட்டியல் நீளமாக இருக்கிறது, எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. 5, 197, 198 மூன்றிலும் கடைசி நிரலில் 0. 199க்கு நேராக 214.

கருந்திரை:
பட்டியலில் பார்க்க வேண்டியதைத்தான் சரியாக எடுத்துப் போட்டிருக்கிறீர்கள் :)

கெட்ட செக்டார்களை (தட்டின் சிறு துண்டுகள்) எண்ணும் 5, 197, 198 மூன்றும் 0, அதனால் டிஸ்க் நலமாக இருக்கிறது. கேபிளை மாற்றுங்கள்.

வட்டுவைத்தியர்:
கருந்திரை சுருக்கமாக முடித்துவிட்டார். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சாட்டா கேபிளில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகிறது, சிஆர்சி. வந்து சேர்ந்த தரவும் எண்ணும் பொருந்தவில்லை என்றால் அதை நிராகரித்துப் பிழை எழுப்புகிறார்கள். 'ஐசிஆர்சி' என்று பதிவில் வருவது அதுதான்: வழியில் தரவு கெட்டது, தட்டில் கெடவில்லை. ஸ்மார்ட்டில் 199ஆம் எண் எண்ணுவதும் இதையே. கர்னல் இணைப்பை மீட்டமைத்து மறுபடி முயல்கிறது, பிறகும் பிழை வந்தால் வேகத்தை 6 ஜிகாபிட்டிலிருந்து 3க்கு இறக்குகிறது. உங்கள் பதிவின் நான்காவது வரி அந்தக் கட்டம். பல தடவை முயன்றும் எழுத முடியாமல் போனால் ஃபைல் சிஸ்டம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ரீட் ஒன்லி ஆகிறது.

இதே இடத்தில் 'யுஎன்சி' என்று வந்திருந்தால் கதை வேறு. டிஸ்க்கின் தட்டில் ஒரு செக்டாரைப் படிக்க முடியவில்லை என்று பொருள். அப்போது 197, 198 ஏறத் தொடங்கும், கேபிள் மாற்றிப் புண்ணியமில்லை. உடனே நகலெடுக்க வேண்டியதுதான், அதுவும் சாதாரணக் காப்பி கட்டளையால் அல்ல, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவால். அது முதலில் எளிதாகப் படிக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால் நடுவில் நிறுத்தி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

உங்களுக்கு அந்த நிலை இல்லை. சாட்டா கேபிளை மாற்றுங்கள். பவர் கம்பியையும் பாருங்கள். ஒரே கம்பியை ஸ்ப்ளிட்டர் போட்டு ஹார்ட் டிஸ்க்குக்கும் டிவிடிக்கும் பிரித்திருந்தால், ரைட்டரின் மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியில் வோல்டேஜ் விழுந்து டிஸ்க் இணைப்பு அறுந்துபோக வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி கொடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: கேபிளை மாற்றிய பிறகும் அந்த 214 குறையாது. அது ஆயுள் கணக்கு. கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

புதுப்பாதை:
அப்படியென்றால் அதே கேபிள் விண்டோஸில் மட்டும் எப்படி ஓடுகிறது? நானே பார்த்திருக்கிறேன்.

வட்டுவைத்தியர்:
ஓடுவது போல் தெரியும். அங்கேயும் பிழை வரும், மறுமுயற்சி நடக்கும், ஈவென்ட் வியூவரில் பதிவாகும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. சந்தேகம் இருந்தால் விண்டோஸில் அந்த டிஸ்க்கின் 199ஐப் பார்த்து வைத்துக்கொண்டு, பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். எண்ணுவது டிஸ்க்கின் உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர். அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது.

பழையஇரும்பு:
கையில் உடனே வேறு கேபிள் இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை வழி. பூட் மெனுவான கிரப்பில் கர்னல் வரியின் கடைசியில் லிபேட்டா.ஃபோர்ஸ் என்ற அளவுருவைச் சேர்த்து, 3ஆம் போர்ட்டை மட்டும் 1.5 ஜிகாபிட்டில் ஓடச் சொல்லலாம். வேகத்தைக் குறைத்ததும் பிழை காணாமல் போனால் சிக்னல்தான் பிரச்சினை என்று உறுதியாகிவிடும். அதே அளவுருவில் 'நோஎன்சிக்யூ' என்று கொடுத்தால் என்சிக்யூ அணையும். அதனால் மட்டும் தீர்ந்தது என்றால் சந்தேகம் ஃபர்ம்வேர் பக்கம் திரும்பும்.

நிரந்தரமாக 1.5இல் விட்டுவிடாதீர்கள். அந்த வேகத்தில் நடைமுறையில் விநாடிக்கு 150 எம்பிக்கு மேல் போகாது, இன்றைய பெரிய டிஸ்க்குகள் தட்டின் வெளிவட்டத்தில் அதைத் தாண்டி ஓடக்கூடியவை. 3 ஜிகாபிட் என்றால் 300 எம்பி, சுழலும் டிஸ்க்குக்கு அது தாராளம்.

எந்த ஏடிஏ எண் எந்த டிஸ்க் என்று குழப்பம் வந்தால், சிஸ் அடைவுக்குள் இருக்கும் பிளாக் அடைவை நீளப் பட்டியலாகப் பாருங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் இணைப்புப் பாதையிலும் ஏடிஏ எண் எழுதியிருக்கும். தவறான டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு 'இன்னும் பிழை வருகிறதே' என்று இங்கே வந்தவர்கள் உண்டு.

தேன்சிட்டு:
மிக்க நன்றி அண்ணா. கேபிளை மாற்றினேன், போர்ட்டையும் மாற்றினேன், பவர் கம்பியும் தனி. ஆனால் இப்போது கணினி பூட்டே ஆகவில்லை! ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு 'எமர்ஜென்சி மோட்' என்று கறுப்புத் திரையில் நிற்கிறது. டிஸ்க் கெட்டுப்போய்விட்டதா?

கருந்திரை:
கெடவில்லை. பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த டிஸ்க்கை எஸ்டிபி1 என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், சரியா?

தேன்சிட்டு:
ஆமாம்...

கருந்திரை:
எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் கர்னல் கண்டுபிடித்த வரிசையில் வைக்கும் பெயர். போர்ட் மாறினால் மாறும், சில கணினிகளில் போர்ட் மாறாமலே மாறும். பூட்டை நடத்தும் சிஸ்டம்டி அந்தப் பெயரில் டிஸ்க் வரும் என்று 90 விநாடி காத்திருந்துவிட்டுக் கைவிட்டிருக்கிறது.

எமர்ஜென்சி மோடில் ரூட் கடவுச்சொல் கொடுத்து உள்ளே போங்கள். பிஎல்கேஐடி ஓட்டினால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் யுயுஐடியும், அதாவது போர்ட் மாறினாலும் மாறாத அடையாள எண்ணும், தெரியும். எஃப்எஸ்டேப்பில் எஸ்டிபி1 இருக்கும் இடத்தில் அந்த யுயுஐடியைப் போடுங்கள். விருப்பங்களில் 'நோஃபெயில்' என்றும் சேருங்கள். அது இருந்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் சிஸ்டம் மேலே வந்துவிடும்.

பழையஇரும்பு:
இதைவிடப் பழைய கூத்து ஒன்று உண்டு. சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ காலத்து நிறுவல்களில் ஹெச்டிஏ, ஹெச்டிசி என்று பெயர்கள் இருந்தன. ஐடிஇ டிஸ்க்குகளும் லிபேட்டாவின் கீழ் வந்தபோது அவையும் எஸ்டிஏ ஆகிவிட்டன, பழைய எஃப்எஸ்டேப் எல்லாம் படுத்துவிட்டது. பழைய ஐடிஇ டிரைவர் தொகுப்பு 2021இல் வந்த 5.14 கர்னலோடு முழுவதுமாக நீக்கப்பட்டது. அதனால் ஐடிஇ டிஸ்க் இன்று ஓடாது என்று சிலர் நினைக்கிறார்கள். ஓடும். பேட்டா (ஐடிஇயின் இன்னொரு பெயர்) கண்ட்ரோலர்களுக்கு லிபேட்டாவிலேயே டிரைவர்கள் இருக்கின்றன.

ஐடிஇ சிடி டிரைவ் வைத்திருப்பவர்கள் முதலில், மாஸ்டரா ஸ்லேவா என்று தீர்மானிக்கும் குட்டிச் செருகியான ஜம்பரைப் பாருங்கள். ஒரே கேபிளில் இரண்டும் மாஸ்டராக இருந்தால் ஒன்று தெரியாது, அல்லது இரண்டுமே தெரியாது. 40 கம்பி கேபிளா 80 கம்பி கேபிளா என்று எண்ணுங்கள். 40 என்றால் யுடிஎம்ஏ 33 என்ற வேகத்துக்கு மேல் கர்னல் போகாது, டிமெஸ்ஜியிலேயே கேபிளைக் காரணமாகச் சொல்லும். 80 கம்பி கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் இருக்கும் சாம்பல் ஸ்லேவுக்கு. தலைகீழாகச் செருகி அவதிப்படுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கையும் சிடி டிரைவையும் ஒரே கேபிளில் போடாமல் இருந்தால் நல்லது. ஒன்று பேசும்போது மற்றது வாய் மூடிக் காத்திருக்க வேண்டும்.

தேன்சிட்டு:
பூட் ஆகிவிட்டது, யுயுஐடி போட்டுவிட்டேன். பெரிய ஃபைல்கள் தடையில்லாமல் போகின்றன. 199 இன்னும் 214லேயே நிற்கிறது. டிஸ்க் பிரச்சினை முடிந்தது என்றே நினைக்கிறேன். டிவிடி ரைட்டர் மட்டும் அப்படியே இருக்கிறது.

வட்டுவைத்தியர்:
நல்லது. இப்போது ரைட்டருக்கு வருவோம். அதில் இரண்டு தனித்தனிப் புகார்கள் இருக்கின்றன.

முதலாவது, வேறு நிறப் போர்ட்டில் தெரியாதது. மதர்போர்டின் முக்கிய சிப்செட் தரும் போர்ட்டுகள் போதாமல் தயாரிப்பாளர்கள் ஒரு கூடுதல் சிப்பை ஒட்டி இரண்டு போர்ட் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட சிப்புகளில் சில ஹார்ட் டிஸ்க்கோடு மட்டும் பழகும். ஆப்டிகல் டிரைவுக்குத் தேவையான ஏடிஏபிஐ கட்டளைகளைச் சரியாகக் கடத்தாது. பயோஸில் அந்த சிப் ரெய்ட் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) முறையில் இருந்தாலும் இப்படி ஆகலாம். சண்டை போடாமல் ரைட்டரை சிப்செட் போர்ட்டிலேயே விடுங்கள்.

இரண்டாவது, சிடி படிக்கிறது, டிவிடி படிக்கவில்லை. இதைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் லேசர் மீதுதான். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். இரண்டும் வேறு வேறு. ஒன்று தேய்ந்து மற்றது நன்றாக இருப்பது மிகச் சாதாரணம். புளூரே டிரைவில் 405 நானோமீட்டரில் மூன்றாவதும் உண்டு, அங்கே இந்தக் கண்ணாமூச்சி இன்னும் அதிகம்.

உறுதிசெய்ய: ப்ராக் அடைவின் கீழ் சிஸ், டெவ், சிடிராம் என்று போனால் 'இன்ஃபோ' என்ற ஃபைல் இருக்கும். அதைத் திறந்து 'கேன் ரீட் டிவிடி' வரியில் 1 இருக்கிறதா பாருங்கள். அது டிரைவ் தன்னைப் பற்றித் தானே சொல்வது. 1 இருந்தால் கர்னலுக்கு அது டிவிடி டிரைவ் என்று தெரிந்திருக்கிறது. அடுத்து, பூட் ஆகக்கூடிய டிவிடி ஒன்றைப் போட்டு பயோஸ் மெனுவிலிருந்து நேரடியாக பூட் செய்யுங்கள். அங்கே லினக்ஸே கிடையாது. அங்கேயும் படிக்காவிட்டால் லினக்ஸை விடுதலை செய்துவிடலாம்.

அலைவரிசை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மடிக்கணினியில் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும் 'கேடி' என்ற டிஸ்க் உறையைப் போட்டு எஸ்எஸ்டி வைத்தேன். மேலே சொன்ன அதே 'ஹார்ட் ரீசெட்டிங்' பிழைதான் வருகிறது. எனக்கும் கேபிளா? கேபிளே இல்லையே!

மட்டுறுத்துநர்:
தனி இழை தொடங்கியிருக்கலாம். தொடர்புடையது என்பதால் விடுகிறேன்.

கருந்திரை:
@அலைவரிசை, கேபிள் இல்லை, ஆனால் இரண்டு கூடுதல் இணைப்பான்கள் இருக்கின்றனவே. அந்த இடம் டிவிடி டிரைவுக்காக அமைத்தது. டிவிடிக்கு 1.5 ஜிகாபிட்டே அதிகம் என்பதால் பல மடிக்கணினிகளில் அந்தப் பாதை வேகமான டிஸ்க்கை மனதில் வைத்துப் போட்டதல்ல. மலிவான கேடி ஒன்று நடுவில் வந்தால் 6 ஜிகாபிட் சிக்னல் தடுமாறும்.

இடம் மாற்றி வையுங்கள். எஸ்எஸ்டி உள் இடத்துக்கு, சுழலும் டிஸ்க் கேடிக்கு. அதன் பிறகும் பிழை வந்தால் பழையஇரும்பு சொன்ன அளவுருவால் அந்தப் போர்ட்டை மட்டும் வேகம் குறையுங்கள். சில கேடிகளின் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், மடிக்கணினி கேடியை அடையாளம் காணாவிட்டால் அதை நகர்த்திப் பார்க்கலாம். கேடி வாங்கும்போது தடிமனும் முக்கியம், 12.7 மிமீ, 9.5 மிமீ என்று இரண்டு வகை பரவலாக இருக்கிறது.

புதுப்பாதை:
சரி, என்னுடையதையும் கேட்டுவிடுகிறேன். யுஎஸ்பி பெட்டியில் இருந்த டிஸ்க்கைப் பிரித்து நேரடியாக சாட்டாவில் மாட்டினேன். பார்ட்டிஷன் எதுவும் இல்லை, 'ஃபார்மேட் செய்யவா' என்கிறது. நான் கம்பெனி சரியில்லை என்று சொன்னது இதை வைத்துத்தான்.

வட்டுவைத்தியர்:
ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்! தரவு அப்படியே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சில யுஎஸ்பி பெட்டிகளின் சிப், 512 பைட் செக்டார் உள்ள டிஸ்க்கை 4096 பைட் செக்டார் உள்ளதாகக் கணினிக்குக் காட்டும். எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 512 பைட் கணக்கில் 2 டிபி வரம்பு உண்டு அல்லவா, அதைத் தாண்டுவதற்காகச் செய்த ஏற்பாடு. பார்ட்டிஷன் அட்டவணையில் இருப்பது செக்டார் எண்கள்தான். பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒரு செக்டாரின் அளவு எட்டில் ஒன்றாகிவிடுகிறது, எல்லா எண்ணும் தவறான இடத்தைக் காட்டுகிறது.

எளிய வழி, டிஸ்க்கை அதே பெட்டியில் திரும்ப வைத்துத் தரவை வேறு இடத்துக்கு எடுங்கள். பெட்டி உடைந்துவிட்டது என்றால், டிஸ்க்கை லூப் என்ற போலிச் சாதனமாகக் காட்டும் லாஸ்செட்டப் கட்டளையில் செக்டார் அளவு 4096 என்றும், படிக்க மட்டும் என்றும் கொடுத்து, பார்ட்டிஷன்களையும் தேடச் சொல்லுங்கள். லூப் சாதனத்தின் கீழ் பழைய பார்ட்டிஷன்கள் தென்படும். தரவை எடுத்த பிறகு ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை போட்டுப் புதிதாக ஃபார்மேட் செய்துகொள்ளலாம்.

இன்னொரு விஷயமும் பெட்டியிலிருந்து பிரித்த டிஸ்க்குகளில் நடக்கும். சில டிஸ்க் சாட்டாவில் மாட்டினால் சுழலவே சுழலாது. சாட்டா பவர் இணைப்பானின் 3ஆம் ஊசியில் பழைய பவர் சப்ளைகள் 3.3 வோல்ட் தரும். புதிய சாட்டா வரையறையில் அதே ஊசி டிஸ்க்கை அணைத்து வைக்கும் சமிக்ஞை. டிஸ்க் செத்துவிட்டது என்று தூக்கிப்போடுவதற்கு முன் பழைய மோலெக்ஸ் பவர் இணைப்பானிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் நல்ல தரமான கம்பி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதில் 3.3 வோல்ட் இருக்காது.

புதுப்பாதை:
பெட்டியில் திரும்ப வைத்தேன், எல்லாம் தெரிகிறது. நன்றி. நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பெட்டி வழியாகவும் நடுநடுவே இணைப்பு போய்ப்போய் வருகிறதே?

கருந்திரை:
டிமெஸ்ஜியில் 'யுஏஎஸ்' (யுஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் முறை) என்ற சொல் அந்தப் பிழைகளின் பக்கத்தில் வருகிறதா பாருங்கள். வந்தால், பெட்டியின் சிப்புக்கு அந்த முறை சரியாக வரவில்லை. எல்எஸ்யுஎஸ்பி காட்டும் அடையாள எண்ணை எடுத்து, யுஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூலின் 'குவிர்க்ஸ்' அளவுருவில் அந்த எண்ணையும் கடைசியில் யுஏஎஸ்ஸை ஒதுக்கும் 'யு' கொடியையும் கொடுங்கள். பழைய முறைக்கு இறங்கிவிடும். கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் அறுபடாது.

தேன்சிட்டு:
வந்துவிட்டேன். 'கேன் ரீட் டிவிடி' 1 என்றுதான் இருக்கிறது. பயோஸிலிருந்து பூட் செய்து பார்த்தேன், அங்கேயும் டிவிடியைப் படிக்கவில்லை. ஒரு நண்பரிடமிருந்து வேறு ரைட்டரை வாங்கி அதே கேபிளில், அதே போர்ட்டில் மாட்டினேன். டேட்டா டிவிடி உடனே மவுண்ட் ஆகிறது!

ஆனால் கடையில் வாங்கிய பட டிவிடி மட்டும் ஓடவில்லை. ஃபைல்கள் தெரிகின்றன, விஎல்சியில் போட்டால் திறக்க மறுக்கிறது.

பழையஇரும்பு:
இந்த ரைட்டரில் கோளாறு இல்லை. பட டிவிடிகளில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு உண்டு. அதைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் டெபியனில் நேரடியாக வராது. லிப்டிவிடி பிகேஜி என்ற பொதியை நிறுவி, அதை டிபிகேஜி வழியாக ஒரு தடவை மறு அமைப்பு செய்தால் அதுவே தொகுத்து நிறுவிக்கொள்ளும். உங்கள் நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டுவைத்தியர்:
அதை நிறுவிய பிறகும் ஓடாவிட்டால் ரீஜனை, அதாவது டிவிடி எந்த நாட்டுப் பகுதிக்கானது என்ற எண்ணைப் பாருங்கள். 2000க்குப் பிறகு வந்த டிவிடி டிரைவ்களில் ரீஜன் எண் டிரைவின் ஃபர்ம்வேரிலேயே இருக்கும். ரீஜன்செட் என்ற சிறு நிரல் அதைக் காட்டும், மாற்றவும் உதவும். மாற்றுவதற்கு மொத்தம் 5 வாய்ப்புதான், முடிந்தால் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். நண்பரின் டிரைவ் என்கிறீர்கள், அவரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

தேன்சிட்டு:
ரீஜனுக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை, லிப்டிவிடிசிஎஸ்எஸ் நிறுவியதும் படம் ஓடுகிறது. இந்த மாடலையே ஒன்று வாங்கிக்கொள்கிறேன். தலைப்பில் 'தீர்ந்தது' சேர்த்துவிடுங்கள்.

மட்டுறுத்துநர்:
சேர்த்தாயிற்று. @அலைவரிசை, இடம் மாற்றி வைத்ததும் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், இழையைத் திறந்தே வைக்கிறேன்.